சம்மனசு வேஷத்தில் ஆஸ்பத்திரிக்கு

கடலுக்கு லாயக்கில்லாதவன் என்று தங்கச்சிமடத்தில் ஒருவன் பெயரெடுப்பது லேசான காரியமில்லை. நான் எடுத்தேன். ஐம்பத்தாறாம் வருஷம், எனக்குப் பதினாறு வயது.

என் அய்யா சூசைமுத்து சொந்தமாக வத்தை வைத்திருந்தார். வத்தை என்பது எங்கள் பக்கத்துப் பாய்மரப் படகு. அதில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். கரை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் நான் வீரன். கரை மறைந்ததும் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த கஞ்சியிலிருந்து முந்தாநாள் தின்ற பனங்கிழங்கு வரைக்கும் கடலுக்குக் கொடுத்துவிடுவேன். "சூசை, ஒம்ம மகன் வந்தா தூண்டிலுக்கு எரையே வேண்டாம்வே" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் என்னை எழுப்புவதையே விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். மூன்றாம் பாரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் வாத்தியாரே, "பின்னால வர்ற பிள்ளைகளுக்கு பெஞ்சு வேணும்லே" என்று கெஞ்சி அனுப்பிவைத்தார். எனக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை தலைமுடி. தேங்காயெண்ணெய் தடவி, முன்னால் ஒரு சுருள் விட்டு, கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். அரும்பு மீசையும் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

என் அக்கா ஜெபமாலைக்கு என்னைவிட மூன்று வயது கூடுதல். நல்ல தண்ணி ஊற்றிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் கொண்டுவருவாள். வாயும் அதே அளவுக்குப் பெரிது. பாம்பனில் அருளானந்தம் என்பவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் முதுகு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

குடம் தூக்கினால் வலிக்கும்தானே என்று விட்டுவிட்டோம். எண்ணெய் போட்டு உருவினோம், நொச்சி இலையை வதக்கிக் கட்டினோம். வலி போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, சோறு இறங்கவில்லை, முதுகின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு தள்ளிக்கொண்டு வந்தது. ஊசி போட வந்துகொண்டிருந்த பாம்பன் கம்பவுண்டர் பாக்கர் அந்த முண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். வாசலுக்கு வந்து அம்மாவிடம், "மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க தாயி. சும்மா இருக்காதீங்க" என்றார்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் டி.பி. என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு எலும்புருக்கி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு நெருப்பு வாங்கக்கூட யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை அச்செடுத்து, தொட்டில் மாதிரி ஒரு மாவுக்கட்டு செய்து, அதில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டி அனுப்பினார்கள். அசையக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது, பல மாசம் ஆகும். பாக்கர் வந்து மைசின் ஊசி போட வேண்டும். அய்யா கடலுக்குப் போக வேண்டும். அம்மா மீன் கூடையோடு ராமேஸ்வரம் சந்தைக்குப் போக வேண்டும். அக்காவோடு யார் இருப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை. ஊரிலேயே வேலை வெட்டி இல்லாதவன் ஒருத்தன் வீட்டிலேயே இருக்கிறானே.

முதல் நாள் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டு என்றதும் அரிசி மாவில்தான் செய்திருப்பார்கள் என்று நம்பினேன். எறும்பு வந்து அக்காவோடு சேர்த்துத் தின்றுவிடக் கூடாதே என்று கட்டிலின் கால்களுக்குக் கீழே சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எலிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா, "என்னலே பண்றே அங்கன?" என்றாள். விளக்கினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும். வலித்ததும் திட்டினாள், திட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள். "ஏலே, இது சுண்ணாம்பு மாதிரி ஒண்ணுடா. இட்லி மாவுன்னு நெனச்சியா?"

இட்லி மாவு என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்தது சமையல். அக்கா படுத்தபடியே சொல்வாள், நான் செய்வேன். கஞ்சி முதல் நாள் கருகியது. இரண்டாம் நாள் அதற்குப் பயந்து தண்ணீரை அதிகம் ஊற்றியதில் சோற்றைத் தேடவேண்டி வந்தது. மீன் கழுவும்போது செவுளை எடுக்க மறந்தேன். "பரவால்லடா, மீனு மூச்சு விட்டுக்கிட்டே வேகட்டும்" என்றாள். மாவுக்கட்டுக்குள் அரிக்கும். கை போகாது. தென்னை ஈர்க்கைச் சீவி உள்ளே விட்டுச் சொறிந்துவிட வேண்டும். "மேல... இன்னும் மேல... இடது கை பக்கம்... அது ஒனக்கு இடதா, எனக்கு இடதா? மூணாம் பாரம் படிச்சவன்தானே நீ?" குளிப்பாட்டித் துணி மாற்றுவதெல்லாம் அம்மா செய்துவிட்டுத்தான் போவாள். தலை வாரிப் பேன் பார்ப்பது என் வேலை. என் கூட்டாளிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏலே சகாயம், எனக்கும் சடை போட்டு விடுறியா?" என்பார்கள். சீப்பை எறிவேன். அப்புறம் வெளியே போய் நானே எடுத்துக்கொண்டு வருவேன். வீட்டில் வேறு சீப்பு இல்லை.

ஒரு நாள் அக்கா, "கூரையில எத்தன ஓலை இருக்குன்னு எனக்குத் தெரியும்லே" என்றாள். குரலில் கேலி இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பது கூரை மட்டும்தான் என்பது அதுவரை என் புத்தியில் ஏறவில்லை. என் கைக்கண்ணாடியை எடுத்து அவள் தலைக்கு மேலே சாய்வாகக் கயிற்றில் கட்டினேன். வாசல் தெரிந்தது, தெரு தெரிந்தது, போகிற ஆடு தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம். அடுப்பும் தெரிகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு கருவாட்டுத் துண்டு ஒன்றைக்கூட என்னால் திருடித் தின்ன முடியவில்லை. சுருளும் போயிற்று. கண்ணாடி இல்லாமல் எங்கே சுருள் விடுவது?

பாம்பனிலிருந்து ஒரு ஆள் வந்து சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் போனார். கல்யாணம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அம்மா அழுதாள். அய்யா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்களா? மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில் தண்டவாளம் வழியாகவே பாம்பனுக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "மனசாட்சி இருக்கா ஒமக்கு? எங்க அக்கா என்ன ஓட்டை விழுந்த வத்தையா, கரையில தள்ளிட்டுப் போறதுக்கு?" இந்த இடத்தில் கையை ஓங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

நான் போனபோது அருளானந்தம் ஒரு பாய்மரத்தைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் கை என் தொடை அளவு இருந்தது. பேச்சை முதலில் சொல்வது, கை ஓங்குவதைப் பிறகு பார்ப்பது என்று மாற்றிக்கொண்டேன். அதற்குள் அவருடைய அம்மா வெளியே வந்து, "வாய்யா, வெயில்ல நடந்தா வந்தே? உக்காரு, ஒரு வாய் சாப்புடு" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து நண்டுக் குழம்பு வாசம் வந்தது. நான் சமைத்ததையே பல மாசமாகத் தின்றுகொண்டிருந்தவன் நான். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் என்று அந்த அம்மா போட்டபோதும் தடுக்கவில்லை. அருளானந்தம் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா அவளுக்கு, மாப்ள?"

"வலிக்குது மச்சான்."

அவ்வளவு பெரிய பேச்சில் நான் பேசியது அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டினார். "அம்மா பயப்படுது" என்றார். நான், "அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நண்டா?"

மறைத்துப் பயனில்லை. "ம்."

"சண்டைக்குப் போனவனுக்கு நண்டு போட்டாங்களாக்கும். நல்லா இருந்துச்சா?"

"புளி தூக்கல்" என்றேன்.

சிரித்தாள். அப்புறம் மறுபடி மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மல்லாந்தே கிடப்பவர்கள் அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராகக் காதுக்குள் போகும். துண்டின் நுனியைத் திரித்து இரண்டு காதையும் துடைத்துவிட்டேன். "ஏலே, காதக் கொடையாத" என்றாள். அப்புறமும் துடைக்கவேண்டி இருந்தது.

கோயில் திருநாளுக்கு வாசாப்பு போடுவார்கள். பாட்டும் வசனமுமாக, பொழுது விடியும் மட்டும் நடக்கிற கூத்து. அந்த வருஷம், வேதத்துக்காக உயிரைக் கொடுத்த ஒரு வேதசாட்சியின் கதை. ராஜா அவருடைய தலையை வெட்டச் சொல்வார், வெட்டியதும் மேலேயிருந்து சம்மனசு, அதாவது தேவதூதன், இறங்கிவந்து முடி சூட்டும். அந்தச் சம்மனசு வேஷத்துக்கு வாசாப்பு சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி வியாகுலம் என்னைத் தேர்ந்தெடுத்தார். என் முகக்களைதான் காரணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சம்மனசைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், இருக்கிறதிலேயே கனமில்லாத பயல் வேண்டும் என்பதுதான் காரணம் என்று அண்ணாவியே பிறகு சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு பாட்டு. "அஞ்சாதே வேதசாட்சி, ஆண்டவர் அனுப்ப வந்தேன், வாடாத முடி இதோ, வானோர் மகிழ்ந்து தந்தார்." கஞ்சி கிண்டும்போதும் அதுதான், அக்காவுக்குப் பேன் பார்க்கும்போதும் அதுதான். எனக்குப் பாடமாவதற்கு முன்னால் அவளுக்குப் பாடமாகிவிட்டது. நான் 'வாடாத' என்ற இடத்தில் 'வாராத' என்றால் படுக்கையிலிருந்தே, "அப்ப முடி வரவே வராதாலே? பாவம் அந்த மனுசன்" என்பாள்.

திருநாள் அன்று பொழுது சாய்கிற நேரத்தில் வேஷம் கட்டி முடித்தார்கள். வெள்ளை அங்கி, கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சிவப்பு, முதுகில் மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டி நுனியில் கொக்கு இறகு வைத்த ரெண்டு பெரிய றெக்கை. கயிற்றில் இறங்கும்போது கழன்றுவிடக் கூடாது என்று அண்ணாவி றெக்கையை வலைநூலால் மார்போடு சுற்றி, பின்பக்கம் கடல்காரன் முடிச்சாகப் போட்டு இறுக்கியிருந்தார். மேடைக்குப் போகும் முன் அக்காவுக்குக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்று கையைத் தூக்கி அருள் பாலித்தேன்.

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். "ஒரு பக்க றெக்க தொங்குது. நொண்டிச் சம்மனசு" என்றாள்.

அம்மா வந்து பார்த்துச் சிரித்தாள். அக்காவைச் சீண்ட வேண்டும்போல் இருந்தது. திரும்பி நின்று, றெக்கை நுனியின் கொக்கு இறகால் அவள் உள்ளங்காலைத் தடவினேன். எப்போதும் அலறுவாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. வீம்புக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பெருவிரலைக் கிள்ளினேன். கண்ணாடியில் அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நகம் பதியக் கிள்ளினேன்.

"என்னலே பண்றே அங்கன?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "தொட்டியா?"

அவளே சொன்னாள். "நேத்திலேர்ந்து காலு கனமா இருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ வேஷம் கட்டுறியே."

அய்யா ஊரில் இல்லை. தெற்கே தங்கல் போட்டுத் தொழில் செய்யப் போனவர், திருநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். காற்று மாறியதால் வரவில்லை. அம்மா அக்காவின் காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் ஓடினேன்.

கம்பவுண்டர் பாக்கர் கூத்துப் பார்க்க வந்திருக்கிறார், ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து அங்கே போவதற்குத் திருநாள் கூட்டத்தைக் கடக்க வேண்டும். றெக்கையோடு ஒரு சம்மனசு வியர்த்து வழிந்துகொண்டு ஓடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். இந்த வருஷம் வாசாப்பை இப்படிப் புதுசாக ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். ஒரு நாய் அங்கியைக் கவ்வியது. மேடையிலிருந்து அண்ணாவி, "ஏலே, எங்கல போறே? ஒன் காட்சிக்கு இன்னும் நேரம் கெடக்குலே!" என்று கத்தினார்.

பாக்கர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் டீ மூக்கில் ஏறிவிட்டது. "யா அல்லா! யாருப்பா நீ?"

"அண்ணே, நான் சகாயம். அக்காவுக்குக் காலு செத்துப்போச்சு."

கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வந்தார். ஊசி முனையால் அக்காவின் பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும் குத்திக் குத்திப் பார்த்தார். "இந்த ரயிலுக்கே கெளம்புங்க தாயி. நேரம் போச்சுன்னா காலு திரும்பாது" என்றார்.

கட்டிலைத் தூக்க ஆள் வேண்டும். மேடைக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். ஜன்னலில் நின்று சடை போடச் சொன்னார்களே, அந்தக் கூட்டாளிகள்தான் வந்தார்கள். வேஷத்தோடு வந்தார்கள். கட்டிலின் முன்பக்கம் ராஜாவும் தலை வெட்டுகிறவனும், பின்பக்கம் ரெண்டு சேவகர்கள், நடுவில் மாவுக்கட்டில் அக்கா, பக்கத்தில் தலையைப் பிடித்தபடி சம்மனசு. இப்படித்தான் நாங்கள் தங்கச்சிமடம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராமேஸ்வரத்தில் தரிசனம் முடித்துத் திரும்புகிற வடக்கத்தி யாத்ரீகர்கள் ரயிலிலிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். எதைக் கும்பிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார்டு லக்கேஜ் வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். தலை வெட்டுகிறவன் அழுதுகொண்டு நின்றான். மையெல்லாம் மீசையிலிருந்து வழிந்தது.

பாக்கர் பாம்பன் வரைக்கும் கூட வந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். "ரெண்டு கையாலயும் தலையையும் தோளையும் அணைச்சுப் பிடி. வண்டி குலுங்கினாலும் மாவுக்கட்டு குலுங்கக் கூடாது. கையை எடுக்காத." நான் எடுக்கவில்லை. அதனால் றெக்கையையும் அவிழ்க்க முடியவில்லை. அம்மா முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வியர்வையில் நனைந்து வலைநூல் இன்னும் இறுகிவிட்டது.

பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. திறந்த கதவு வழியாகக் காற்று வந்து றெக்கைக்குள் புகுந்தது. காற்று என்னைக் கதவுப் பக்கம் இழுத்தது. முட்டியால் கட்டில் காலைக் கவ்விக்கொண்டேன். கீழே கடல். படகில் போனால் வருகிற அதே குமட்டல் அப்போதும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். வாந்தி எடுத்தால் அது அக்காவின் முகத்தில்தான் விழும்.

அக்கா கீழேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலே" என்றாள்.

"என்னக்கா?"

"பாட்டைச் சொல்லு."

சொன்னேன். "அஞ்சாதே வேதசாட்சி..." குரல் ஒழுங்காக வரவில்லை. 'வாராத முடி' என்றுதான் வந்தது. அவள் திருத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விடிந்த பிறகு மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த கட்டிலில் ஒரு கிழவி கண்ணைத் திறந்தாள். கலைந்த சிவப்புப் பூச்சும் ஒடிந்த றெக்கையுமாக நான் நிற்பதைப் பார்த்தாள். "அய்யய்யோ, நான் இன்னும் பேத்தி கல்யாணம் பாக்கலியே! அந்தக் கட்டிலுக்குப் போப்பா!" என்று தனக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலைக் கை காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து இவளைத் திட்ட ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து, கத்தரியால் என் முடிச்சை வெட்டிவிட்டாள். றெக்கையைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றாள்.

எலும்பு டாக்டர் புதுப் படம் எடுத்துப் பார்த்தார். எலும்புக்குப் பக்கத்தில் சீழ் கட்டிக்கொண்டு, காலுக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது என்றார். கிழித்து எடுக்க வேண்டும். எடுத்தால் கால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், உயிருக்கே வினையாகவும் ஆகலாம். எடுக்காவிட்டால் கால் இவ்வளவுதான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அவுக அய்யா வரட்டும், அவுக வந்து சொல்லட்டும்" என்றாள். அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். கிழவி, வேண்டாம் என்றாள். பக்கத்துக் கட்டில்காரி, செய்யலாம் என்றாள். எல்லாரும் கட்டிலுக்கு மேலே குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

"அக்காட்ட யாரும் கேக்கலியே" என்றேன்.

கம்பீரமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். என் குரல் அப்போது உடைந்துகொண்டிருந்த சமயம். முதல் பாதி ஆம்பளைக் குரலிலும் மறுபாதி கோழிக் குஞ்சுக் குரலிலும் வந்தது. ஆனால் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் அக்காவின் முகத்துக்கு நேராக வந்து குனிந்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள். அப்புறம், "செத்துப்போனாலும் போவேனா?" என்று கேட்டாள்.

"போகலாம்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை.

"செய்யுங்க. இப்படியே கெடந்து இவன் பொங்குற கஞ்சியக் குடிக்கிறதுக்கு அது மேலு."

டாக்டர் சிரித்தார். அம்மாவும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. அது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

ஆபரேஷன் முடிந்து உயிரோடு வெளியே வந்தாள். கால் மட்டும் அப்படியே இருந்தது. காத்திருக்க வேண்டும், பெருவிரலைக் கவனியுங்கள் என்றார்கள். என்னைவிடக் கவனித்தவன் கிடையாது. அந்தப் பெருவிரலைப் பார்த்துப் பார்த்து, அதன் நகத்தில் இருக்கிற கோடெல்லாம் எனக்கு மனப்பாடம். ஈ வந்து உட்கார்ந்ததற்கு ஒரு தடவை நர்ஸைக் கூப்பிட்டேன். மின்விசிறிக் காற்றில் போர்வை ஆடியதற்கு ஒரு தடவை. நானே கட்டிலில் இடித்துக்கொண்டதற்கு ஒரு தடவை. கடைசியில் நர்ஸ், "தம்பி, இனி நீ கூப்பிட்டா நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பெருவிரல் அசைந்தது. நான் வெளியே டீக்கடையில் பொறை ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்த நேரமாகப் பார்த்து அசைந்தது. உள்ளே வந்தபோது அம்மா, நர்ஸ், கிழவி எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். போய்விட்டாள் என்று நினைத்து ஓவென்று அழுதேன். ஏன் அழுகிறான் என்று விசாரித்த பிறகு வார்டே சிரித்தது. அக்கா எனக்காக இன்னொரு தடவை அசைத்துக் காட்டினாள். அவ்வளவுதான், அரை நெல் அளவுக்கு.

அதற்கடுத்த வாரம் அய்யா வந்துசேர்ந்தார். அக்கா தலைமாட்டில் நெடுநேரம் நின்றார். அப்புறம் வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தார். நோயாளிகளோடு வந்தவர்கள் அங்கேதான் கல் கூட்டிச் சமைப்போம். நான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

"யாரு பொங்குனது?"

"நாந்தான்யா."

"உப்பு போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை மறுபடி நீட்டினார். ரெண்டாவது சட்டியும் குடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே, "நீ கடலுக்கு வரலேன்னு எனக்கு இப்பக் கொறை இல்ல" என்றார். எழுந்து போய்க் குழாயடியில் அவர் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

அக்கா கழியை ஊன்றி நடக்க அடுத்த மழைக்காலம் ஆயிற்று. முதல் நாள் நான் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு போனேன். அவள் விழவில்லை. நான்தான் கழியில் தடுக்கி விழுந்தேன். முதுகில் லேசாக ஒரு கூன் நின்றுவிட்டது. கன்னியாஸ்திரிகளின் மடத்தில் தையல் கற்றுக்கொண்டாள். மிஷினை மிதித்து மிதித்துத்தான் காலுக்குப் பழைய பலம் வந்தது. அப்புறம் ரெண்டு இடத்திலிருந்து கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். ஒருத்தரை அவள் வேண்டாம் என்றாள். இன்னொருத்தருக்கு அவள் பேச்சைக் கேட்டதும் அவசர வேலை வந்துவிட்டது. அவள் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் இல்லை. அவள் தையல் மிஷினைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம், எப்போதும் ஒரு சிரிப்பு.

நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கரண்டி பிடித்தேன். கொஞ்ச வருஷத்தில் பெரிய சட்டி என் கைக்கு வந்தது. இப்போதும் அங்கேதான். ரயில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகிற மீனவன் மகன் இந்தக் கரையில் நான் ஒருத்தன்தான்.

அறுபத்து மூன்றில் எனக்குக் கல்யாணம். சட்டையை அக்காதான் தைத்தாள். போட்டுப் பார்த்தேன். ஒரு கை மணிக்கட்டுக்கு வந்தது, இன்னொரு கை முழங்கையோடு நின்றுவிட்டது. "என்னக்கா இது?" என்றேன். பல்லில் கடித்த நூலை அறுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாலி கட்டையில கையத் தூக்குவேல்ல, அப்ப சரியாயிரும் போ."

சரியாகவில்லை. போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது.